முதியோர் இல்லத்தில் ஒரு மாதம்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சிக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



ஒன்றிய அலுவலகத்திலிருந்து பேச வருகிறவர்கள் சாலையைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் வீடு கட்டும் திட்டத்தைப் பற்றியும் பேசுவது வழக்கம். அவை யாவும் வேண்டியவையே. ஆயினும், ஊருக்காக உழைத்து ஓய்ந்தவர்களுள் ஒரு பகுதியினரை நாம் பெரும்பாலும் கணக்கில் கொள்வதில்லை. ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர்கள் அவர்கள். மேடும் பள்ளமுமாய்க் கிடந்த நிலத்தைத் திருத்தி நம் கையில் ஒப்படைத்தவர்களும் அவர்களே. அவர்களுள் சிலர் இன்று ஊரில் இல்லை; எங்கோ ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய ஒரு மாத வாழ்க்கையைப் பற்றியே இன்று பேச எண்ணியுள்ளோம்.

முதியோர் இல்லம் என்றால் நகரத்துச் செய்தி என்று சிலர் நினைக்கக்கூடும். அந்த எண்ணம் சரியன்று. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பத்துப் பேருக்கு ஏழு பேர் கிராமங்களில் வாழ்ந்தவர்கள். தமிழ்நாட்டில் அப்போதே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் முதியோர். பிள்ளைகள் வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் கடல் கடந்தும் செல்லுகின்ற காலம் இது. கணவனை இழந்த மூதாட்டி ஒருவர் தனித்து அடுப்பெரிக்க இயலாத நாள் வரும்போது, அவருக்கு இல்லத்தின் கதவு ஒன்றே திறந்திருக்கிறது. ஆகவே இது நம் ஊரின் செய்தியே.

எங்கள் ஒன்றியத்திலும் அண்டை ஒன்றியங்களிலும் உள்ள சில இல்லங்களுக்கு நாங்கள் பலமுறை சென்று வந்துள்ளோம். நல்ல இல்லங்களையும் கண்டோம். அவ்வளவு நன்றாக நடவாதவற்றையும் கண்டோம். எல்லா இல்லங்களிலும் சோறு உண்டு, பாய் உண்டு, கூரை உண்டு. அப்படியிருந்தும் ஓர் இல்லத்தில் முகங்கள் மலர்ந்திருக்கின்றன. மற்றோர் இல்லத்தில் வாடிக் கிடக்கின்றன. காரணம் என்ன என்று ஆராய்ந்து பார்த்தோம். நன்றாக நடக்கும் இல்லத்தில் அடுத்த வாரம் என்ன, அதற்கடுத்த வாரம் என்ன என்று முதியோருக்குத் தெரிந்திருக்கிறது. எதிர்நோக்குவதற்கு ஒரு நாளும், செய்வதற்கு ஒரு வேலையும், தம் ஊரிலிருந்து வருவதற்கு ஒரு மனிதரும் இருந்துவிட்டால் முதுமை அத்தனை பாரமாகத் தோன்றுவதில்லை. இம்மூன்றில் முதல் இரண்டை இல்லம் அளிக்க முடியும். மூன்றாவதை ஊர்தான் அளிக்க வேண்டும்.

மாதத்தின் முதல் வாரம்

முதல் வாரத்தின் பெருஞ்செய்தி ஓய்வூதியம். நம் மாநிலத்தில் முதியோர் ஓய்வூதியம் 1962-ஆம் ஆண்டில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. படிப்படியாக உயர்ந்து, 2011-இல் 1,000 ரூபாயாகி, 2023 ஆகஸ்டு முதல் 1,200 ரூபாயாயிற்று. முன்பெல்லாம் அஞ்சற்காரர் மணியார்டர் கொண்டு வருவார். அவர் மிதிவண்டி மணியோசை கேட்டதும் திண்ணையில் இருந்தவர்கள் எழுந்து நிற்பார்கள். இப்போது தொகை வங்கிக் கணக்கில் சேருகிறது. வங்கி முகவர் கைக்கருவியுடன் இல்லத்திற்கே வருவதும் உண்டு. அங்கே ஓர் இடையூறு நேர்கிறது. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் மண்வெட்டியும் கதிர் அரிவாளும் பிடித்த கையில் ரேகை தேய்ந்து போயிருக்கிறது; கருவி அதனை ஏற்பதில்லை. பொறுமையுள்ள முகவராயின் விரலைத் துடைத்துவிட்டு வேறு விரலை வைத்துப் பார்க்கிறார். பொறுமையில்லாதவராயின் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார். உழைத்ததனாலேயே கூலி மறுக்கப்படுவது போன்ற நிலை இது. இத்தகைய முதியோர் உங்கள் ஊரில் இருப்பின், அவர்கள் பெயரைக் குறித்துக் கொண்டு வங்கியிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் பேசி வழி காண்பது உறுப்பினர்களின் கடமை.

உணவும் உடையும் இல்லத்தில் கிடைக்கும்போது இந்தப் பணம் எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு மூதாட்டி வெற்றிலைபாக்கு வாங்குகிறார். ஒருவர் கைப்பேசிக்குப் பணம் கட்டுகிறார். மகளின் குரலைக் கேட்க அதுவே வழி. இன்னொருவர் மாதந்தோறும் சிறுதொகையை ஒதுக்கி வைத்து, திருவிழாவுக்குப் பேத்திக்கு வளையல் வாங்கி அனுப்புகிறார். பிறரிடம் கை நீட்டாமல் ஒரு பொருளை வாங்கும் உரிமை மனிதனுக்கு எந்த வயதிலும் வேண்டும். ஆதலின் ஓய்வூதியப் பணத்தை முதியவர் கையிலேயே கொடுத்து, அவர் கேட்டால் மட்டும் கணக்கு எழுதி வைக்கும் இல்லமே நல்ல இல்லம். வீடுகளுக்கும் இது பொருந்தும்.

மருத்துவர் வரும் நாள்

இரண்டாவது வாரத்தில் மருத்துவர் வருகிறார். அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து செவிலியர் வருகிறார். இரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் எடை ஆகியவற்றைப் பார்த்து ஏட்டில் பதிவு செய்கிறார்கள். இந்த ஏடு பெரிதும் பயன் தருவது. சென்ற மாதத்தைவிட இம்மாதம் எடை குறைந்திருந்தால், அவர் சரியாக உண்ணவில்லை என்று பொருள். ஏன் உண்ணவில்லை என்று விசாரித்தால், சில வேளை பல் வலி என்பார். சில வேளை மகன் வரவில்லை என்பார். இரண்டுக்கும் மருந்து வேறு.

கண் புரை, காது மந்தம், கால் வீக்கம், சிறுநீர் அடக்க முடியாமை ஆகியவை முதுமையில் மிகுதி. இவற்றுள் கடைசியில் சொன்னதை வெட்கத்தினால் யாரும் சொல்வதில்லை. அதை மறைப்பதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். தண்ணீர் குறைந்தால் மயக்கமும் மலச்சிக்கலும் பின்தொடர்கின்றன. காது மந்தமானவரைக் கோபக்காரர் என்று நினைத்து ஒதுக்குவதும் உண்டு. அவருக்குக் காதுக் கருவி கிடைத்த பிறகு அவரைப் போலச் சிரித்துப் பேசுகிறவர் வேறு யாருமில்லை என்று காண்கிறோம்.

எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கது கீழே விழுதல். இரவில் எழுந்து கழிப்பிடம் செல்லும்போது ஈரத்தரையில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தவர்கள் பலர் மீண்டும் எழுந்து நடப்பதில்லை. இதைத் தடுப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. கழிப்பிடச் சுவரில் ஓர் இரும்புக் கைப்பிடி, வழியில் ஒரு சிறு இரவு விளக்கு, சொரசொரப்பான தரை, தேயாத செருப்பு ஆகியவை போதும். ஊர்தோறும் கழிப்பறை கட்டியிருக்கிறோம். அவற்றுள் எத்தனை கழிப்பறைகளில் முதியவர் பிடித்தெழக் கைப்பிடி இருக்கிறது என்று இன்று வீடு திரும்பியதும் பாருங்கள். பொதுக் கழிப்பிடம், கிராம சேவை மையம், நியாயவிலைக் கடை ஆகியவற்றின் படிகளிலும் கைப்பிடி வேண்டும்.

ஊரில் தங்கியுள்ள முதியோருக்கு மருந்து வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்படி இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டு சென்று கொடுக்கிறார்கள். இயன்முறைப் பயிற்சியும் படுக்கையில் இருப்போருக்கான பராமரிப்பும் அதில் அடங்கும். நோய்க்குத் துணை இல்லாமற்போவதனாலேயே பலர் இல்லத்தை நாடுகிறார்கள். ஆகையால் உங்கள் ஊரில் இப்பணி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துக் கொள்வது, ஒரு முதியவரை அவர் வீட்டிலேயே இருக்கச் செய்வதாகும்.

தோட்டமும் தொழிலும்

உழவர்களுக்கு மிகவும் உவப்பான பகுதி இது. நாங்கள் கண்ட ஓர் இல்லத்தின் பின்புறத்தில் சில பாத்திகள் இருக்கின்றன. சிறுகீரை விதைத்த 25, 30 நாட்களில் பறிப்புக்கு வந்துவிடும். அரைக்கீரையை அறுக்க அறுக்க மீண்டும் தழைக்கும். ஒரு மாதத்திற்குள் விதைப்பும் விளைவும் முடிந்துவிடுவதால், முதியோருக்கு இதைப்போல் ஏற்ற பயிர் இல்லை. அடுத்த ஆண்டைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. அடுத்த பறிப்பைப் பற்றிப் பேசுகிறார்கள்.

விதையை மணலுடன் கலந்து தூவ வேண்டும் என்பதையும், நீர் பாய்ச்சும்போது விதை ஒரு பக்கம் ஒதுங்காமல் பூவாளியால் தெளிக்க வேண்டும் என்பதையும் அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரு முறை நாங்கள் சென்றிருந்தபோது, இல்லத்தின் இளம் பணியாளர் ஒருவர் உச்சி வெயிலில் பாத்திக்குத் தண்ணீர் விட்டார். கட்டிலில் படுத்திருந்த பெரியவர் சன்னல் வழியே அதைக் கண்டு, “தம்பி, பயிரை வேக வைக்கிறாயே!” என்று கூவினார். அதற்கு முன் மூன்று நாட்கள் அவர் யாரிடமும் பேசவில்லை என்று பணியாளர் எங்களிடம் சொன்னார். அன்று மாலை அவரே கோலூன்றி வந்து பாத்தியோரம் நாற்காலியில் அமர்ந்து வேலை வாங்கினார்.

பெண்கள் புளிக்குக் கொட்டை எடுக்கிறார்கள்; அரிசியில் கல் பொறுக்குகிறார்கள்; பூத் தொடுக்கிறார்கள்; தென்னங்கீற்றைக் கிழித்து விளக்குமாறு கட்டுகிறார்கள். எவரையும் வேலை செய்யும்படி கட்டாயப்படுத்தல் ஆகாது. ஆனால் செய்ய விரும்புகிறவரைப் பார்த்து, “நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருங்கள்” என்று சொல்வதும் ஆகாது. பேசாமல் உட்கார்ந்திருப்பது ஒரு தண்டனை என்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே அறிவார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் உற்றாரை இழந்த முதியோருக்காக ஹெல்பேஜ் இந்தியா நிறுவனம் கடலூர் மாவட்டத்தில் தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை அமைத்தது. பெருங்கூடம் ஒன்றில் கட்டில்களை வரிசையாகப் போட்டு அடைக்காமல், சிறு சிறு குடியிருப்புகளாக அமைத்து ஒரு கிராமத்தைப் போலவே அதனை உருவாக்கினார்கள். கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்குக் கிராமம் போன்ற இடமே ஏற்றது என்னும் எண்ணம் அதில் விளங்குகிறது.

அமாவாசையும் ஞாயிறும்

இல்லத்தில் நாட்காட்டியைப் பார்க்காமலே நாள் சொல்லுகிறவர்கள் பலர். அமாவாசையன்று நீத்தார் நினைவு; கிருத்திகையன்று சிலருக்கு ஒருவேளை உணவு; வெள்ளியன்று விளக்கு; ஞாயிறன்று தேவாலயத்திலிருந்து ஒருவர் வந்து செபம் செய்வார். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வரும். அதை எல்லாரும் பகிர்ந்து குடிப்பார்கள். மார்கழியில் பாட்டு, தையில் பொங்கல், சித்திரையில் மாங்காய்ப் பச்சடி என்று மாதத்துக்கு ஒன்று இருக்கிறது. மாலையில் தாயமும் பல்லாங்குழியும் ஆடுபுலியாட்டமும் நடக்கின்றன. தோற்றவர் சினங்கொண்டு எழுந்து போவதும், மறுநாள் தாமே முதலில் வந்து அமர்வதும் இங்கும் உண்டு.

அருகிலுள்ள பள்ளி மாணவர்கள் மாதம் ஒரு முறை வந்தால் இல்லமே மாறிவிடுகிறது. பிள்ளைகள் பாட்டுப் பாடிவிட்டுப் போவதைவிட, முதியோரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போவது சிறந்தது. இவ்வூர் ஏரி எந்த ஆண்டு உடைந்தது, மின்சாரம் வந்தபோது எப்படியிருந்தது, பழைய நெல் வகைகள் எவை என்று கேட்டால், சொல்கிறவருக்கும் பெருமை, எழுதுகிறவருக்கும் படிப்பு. தமிழ்நாட்டில் முதியோரையும் ஆதரவற்ற குழந்தைகளையும் ஒரே வளாகத்தில் வைத்துப் பேணும் ஒருங்கிணைந்த இல்லங்கள் நடைபெற்று வருவதற்கும் இதுவே காரணம். பேரன் இல்லாத பாட்டிக்கும் பாட்டி இல்லாத பேரனுக்கும் அங்கே உறவு கிடைக்கிறது.

விருந்து நாள்

இனிச் சற்றுக் கசப்பான செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறந்தநாள், திருமணநாள், நினைவுநாள் ஆகியவற்றுக்கு நம் மக்கள் இல்லங்களில் அன்னதானம் செய்கிறார்கள். இது போற்றுதற்குரியது. இந்த நன்கொடையே பல இல்லங்களைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அது நடைபெறும் முறையைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஓர் இல்லத்தில் நாங்கள் கண்டது இது. பன்னிரண்டரை மணிக்கு உண்ண வேண்டியவர்கள், விருந்தளிப்பவர் வந்து சேராததால், இலை போட்டபடியே இரண்டு மணி வரை காத்திருந்தார்கள். அவர்களுள் சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஊசி போட்டபின் உணவு தாமதமானால் மயக்கமும் அதனினும் பெரிய தீங்கும் நேரலாம். பிறகு விருந்தினர் வந்தார்கள். படம் பிடித்துக் கொண்டார்கள். பாயசமும் இனிப்பும் பரிமாறினார்கள். ஒரு மூதாட்டி தம் முகத்தை முந்தானையால் மறைத்துக் கொண்டார். பின்னர் விசாரித்தபோது, “என் ஊர்க்காரர் யாராவது அந்தப் படத்தைப் பார்த்தால் என் மகனுக்கு அவமானம்” என்றார். தம்மைக் கைவிட்ட மகனின் மானத்தை அந்தத் தாய் காத்துக் கொண்டிருந்தார்.

ஆகவே கொடையாளர்கள் சில நெறிகளைக் கைக்கொள்ள வேண்டும். இல்லத்தின் உணவு நேரத்திலேயே உணவு நடக்கட்டும். யாருக்காகவும் யாரும் பசித்திருக்க வேண்டாம். முதியோரின் இசைவின்றிப் படம் எடுக்க வேண்டாம். ஒரே நாளில் மூன்று விருந்தும் மறு வாரம் முழுவதும் ஒன்றுமின்மையும் நேராதபடி, இல்லத்தின் மாத அட்டவணையைக் கேட்டு நாளைத் தேர்ந்துகொள்ளட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன வேண்டும் என்று கேட்டுக் கொடுக்கட்டும். கொசுவலை, போர்வை, மூக்குக்கண்ணாடி, கைத்தடி, வெந்நீர்ப் பை, படுக்கையில் இருப்போருக்கான துணிகள், வாரத்துக்கொருமுறை முடி திருத்தவும் நகம் வெட்டவும் ஒருவர் ஆகியவையே பெரும்பாலும் அவர்களின் தேவை. உழவர்கள் ஒரு மூட்டை அரிசியோ ஒரு கூடைக் காய்கறியோ மாதந்தோறும் ஒரு நாள் குறித்து அனுப்பினால், அது ஆண்டுக்கொரு பெருவிருந்தைக் காட்டிலும் நிலைத்த பயன் தரும்.

ஊரிலிருந்து யார் வருகிறார்கள்?

மாதத்தின் நாட்களிலெல்லாம் கனமான நாள், உறவினர் வந்து பார்க்கும் நாள். அன்று காலையிலேயே தலை சீவி, துவைத்த வேட்டி உடுத்தி, வாயிலை நோக்கிய பலகையில் சிலர் அமர்ந்துவிடுகிறார்கள். சிலருக்கு யாராவது வருகிறார்கள். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் யாரும் வருவதில்லை. ஆயினும் அவர்கள் அந்தப் பலகையில் அமரத் தவறுவதில்லை.

அலுவல் காரணமாக நாங்கள் செல்லும்போது, எங்கள் வண்டியின் பலகையில் ஒன்றியத்தின் பெயரைப் படித்துவிட்டு முதியோர் அருகே வருவார்கள். “எங்கள் பக்கம் மழையா? ஏரியில் தண்ணீர் எவ்வளவு? கோயில் தேர் ஓடிற்றா? இன்னார் இருக்கிறாரா, போய்விட்டாரா?” என்று கேட்பார்கள். மகன் ஏன் வரவில்லை என்று எங்களிடம் யாரும் கேட்டதில்லை. ஊரைப் பற்றித்தான் கேட்பார்கள். ஊராட்சி உறுப்பினர்கள் செல்ல வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. மகனை வரவழைக்க உங்களால் இயலாமற் போகலாம். ஆனால் ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று சொல்ல உங்களால் இயலும்.

இல்லத்திற்கு வந்தவர்களுள் நிலம் வைத்திருந்த உழவர்களும் உண்டு. வயதான பின் நிலத்தைப் பிள்ளைகள் பெயருக்குத் தானமாகவோ செட்டில்மென்டாகவோ எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னர்ச் சோற்றுக்கு அலைந்தவர்கள் அவர்கள். இதுபற்றிச் சட்டம் சொல்வதை உழவர்கள் நன்கு அறிந்திருக்க வேண்டும். 2007-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின்படி, தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்கலாம். வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். மாதம் 10,000 ரூபாய் வரை வழங்க உத்தரவிட அச்சட்டத்தில் இடமுண்டு. முதியவரால் செல்ல இயலாவிடில், அவர் அதிகாரமளித்த வேறொருவர் மனுவைக் கொடுக்கலாம். பெற்றோரைக் கைவிட்டு விடுவோருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த சொத்தை வாங்கிக்கொண்டவர் பராமரிக்கத் தவறினால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்க அப்பிரிவு இடமளிக்கிறது. அந்த நிபந்தனை இருந்ததென நிலைநாட்டப்பட வேண்டும் என்று 2022-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே எழுதிக் கொடுக்க விரும்புகிறவர்கள், “எம்மை ஆயுள் உள்ளவரை பராமரிக்க வேண்டும்” என்னும் சொற்களைப் பத்திரத்திலேயே எழுதுவிக்க வேண்டும். உயில் எழுதினால் உயிருள்ளவரை சொத்து அவருடையதே. மனம் மாறினால் உயிலை மாற்றி எழுதலாம். நம் பிள்ளைகள் அப்படியா என்று மனம் நோகலாம். வரப்புக்கு எல்லைக்கல் நடுவது அண்டை நிலத்துக்காரர் திருடர் என்பதற்காக அன்று. பின்னால் பிணக்கு வராமல் இருப்பதற்காக. இதுவும் அத்தகையதே.

துன்பத்தில் இருக்கும் முதியோர் 14567 என்னும் எண்ணில் முதியோர் உதவி மையத்தை அழைக்கலாம். இந்த எண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இறுதி நாள்

சில மாதங்களில் இல்லத்தில் ஒரு கட்டில் காலியாகிறது. இதைச் சொல்லாமல் விட்டால் எங்கள் உரை முழுமையாகாது. நல்ல இல்லங்களில் ஒவ்வொருவரிடமும் முன்னரே கேட்டுப் பதிவு செய்து வைக்கிறார்கள்: யாருக்குத் தெரிவிக்க வேண்டும்? எந்த முறைப்படி சடங்கு? எரிப்பதா, புதைப்பதா? எந்த ஊரில்? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலோர் சொல்லும் விடை, சொந்த ஊர் என்பதே. ஆனால் வண்டிச் செலவும் உறவினர் இணக்கமும் இல்லாமையால் அந்த விருப்பம் நிறைவேறுவது அரிது.

இங்கே ஊராட்சி முன்வர வேண்டும். தகவல் வந்தவுடன் உறவினரைத் தேடிச் சொல்வதும், அவர்கள் வராவிட்டாலும் ஊர் மயானத்தில் இடம் உண்டு என்று உறுதி கூறுவதும், 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்ய உதவுவதும் பெரிய காரியங்கள் அல்ல. ஆனால் இல்லத்தில் உயிரோடிருக்கும் மற்ற முதியோர் அதைக் கவனிக்கிறார்கள். தம் நாள் வரும்போதும் ஊர் வரும் என்னும் நம்பிக்கை அவர்களுக்கு உண்டாகிறது.

நாம் செய்ய வேண்டியவை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து, ஒவ்வோர் ஊராட்சியும் மேற்கொள்ளத்தக்க சில பணிகளை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, முதியோர் பதிவேடு. ஊரில் தனித்து வாழும் முதியோர், வெளியூர் இல்லங்களில் வாழும் முதியோர் ஆகிய இரு பட்டியல்கள் அதில் இருக்கட்டும். இல்லத்துக்குச் சென்றுவிட்டவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள். அவருடைய குடும்ப அட்டை, ஓய்வூதியம், வாக்காளர் பட்டியல் ஆகியவை ஒழுங்காக மாற்றப்பட்டுள்ளனவா என்று விசாரியுங்கள்.

இரண்டாவது, மாதம் ஒரு நாள். இல்லத்தின் மாதத்தில் உள்ள நல்லவற்றை ஊரிலேயே நடத்தலாம். சமுதாயக் கூடத்தில் மாதம் ஒருமுறை முதியோர் கூடட்டும். செவிலியர் வந்து இரத்த அழுத்தம் பார்க்கட்டும். நகம் வெட்ட, முடி திருத்த ஏற்பாடு இருக்கட்டும். மகளிர் குழுவினர் ஒருவேளை மெல்லுணவு சமைக்கட்டும். முதியோருக்கு நியாயவிலைப் பொருள்களை வீட்டுக்கே கொண்டு செல்லும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அதன் பயன் சேராத வீடுகளை அன்று கேட்டறியலாம்.

மூன்றாவது, சென்று காணல். ஊர்க்காரர் யாரேனும் இல்லத்தில் இருந்தால், மாதம் ஒருவர் முறைவைத்துச் சென்று வரட்டும். அங்கே செலவழிக்க வேண்டியது பணமன்று; அரை மணி நேரம். ஊரில் விளைந்த கடலையோ கொய்யாவோ கொஞ்சம் கொண்டு போனால் போதும்.

நான்காவது, அனுப்புமுன் முயலுதல். ஒரு குடும்பம் முதியவரை இல்லத்துக்கு அனுப்பப் போகிறது என்று அறிந்தால், முதலில் பேசிப் பாருங்கள். பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதே காரணமாயின், அண்டை வீட்டார் உதவியால் அது தீரலாம். இல்லமே வழி என்றானால், அது பதிவு பெற்ற இல்லம்தானா என்று மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரித்து, நேரில் பார்த்த பின்னரே சேர்க்கச் சொல்லுங்கள். இல்லத்தில் வாழ்வது இழிவன்று. அங்கே வாழ்கிறவரை மறப்பதுதான் இழிவு.

ஐந்தாவது, அக்டோபர் மாதம். அக்டோபர் 1-ஆம் நாளை ஐக்கிய நாடுகள் அவை உலக முதியோர் நாளாக 1990-இல் அறிவித்தது. மறுநாளான காந்தியடிகள் பிறந்தநாள் கிராம சபை கூடும் நாளாகும். முதல் நாள் இல்லத்துக்குச் சென்று முதியோரைக் கண்டு வாருங்கள். மறுநாள் கிராம சபையில் அவர்கள் சொன்னதைச் சொல்லுங்கள். நடக்கக்கூடியவர்களைக் கிராம சபைக்கே அழைத்து வாருங்கள். வரவு செலவுக் கணக்கு வாசிக்கும்போது, அவ்வேரியின் பழைய கணக்கை அறிந்தவர் ஒருவர் முன்வரிசையில் அமர்ந்திருப்பது சபைக்கும் நல்லது.

அன்பர்களே! இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை, பெருந்தொகையும் வேண்டியதில்லை. அடுத்த மாதம் எங்கள் அலுவலகத்தில் கூடும்போது, ஒவ்வோர் ஊராட்சியும் தன் முதியோர் பதிவேட்டைக் கொண்டு வரவேண்டும் என்றும், அவர்களுள் எத்தனை பேரைச் சென்று கண்டீர்கள் என்று தெரிவிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.